அநியாயத்தை ரசிப்பது எப்படி?

ஆதாரமில்லாத சந்தேகம், காரணமில்லாத கோபம், தேவையில்லாத தலையீடு. எல்லாவற்றையும் ‘அன்வாரண்டட்’ என்று ஆங்கிலம் ஒரே அடைமொழியில் முடித்துவிடும். அறிக்கை எழுத ஏற்ற சொல். பொள்ளாச்சிப் பக்கம் அந்த வேலையைப் பார்ப்பது ‘அநியாயம்’. அது சந்தைக்கும் வரும், சாவு வீட்டுக்கும் வரும். ரசிக்கக் கொஞ்சம் காதைத் தீட்டிக்கொண்டால் போதும்.

முதலில் மாட்டுச் சந்தைக்குப் போங்கள். செவ்வாயும் வியாழனும் கூடும். கேரள வியாபாரிகளும் வருவார்கள். துண்டுக்கு அடியில் கை கோத்து, விரலைப் பிடித்தே விலை பேசுவது அங்கே பழைய வழக்கம். தொகை வெளியே தெரியாது. ஆனால் ஒருவர் கையை உதறிக்கொண்டு “இது அநியாயமுங்க!” என்றால், சுற்றி நிற்பவர்களுக்கு விஷயம் புரிந்துவிடும். குற்றம் சாட்டும்போதும் ‘ங்க’ விட்டுப்போகவில்லை, கவனித்தீர்களா? அதனால்தான் எதிராளி கோபித்துக்கொள்ளாமல் மறுபடியும் கையை நீட்டுகிறார்.

அடுத்து, சொல்லின் வாலைப் பாருங்கள். ‘அநியாய வெலை’ என்றால் பொருளுக்குத் தகாத விலை. ‘அநியாயத்துக்கு’ என்றானதும் குற்றம் கழன்று அளவு மட்டும் மிஞ்சும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று வீசும்போது “அநியாயத்துக்குக் காத்துங்க” என்பார்கள்; காற்றின்மேல் யாருக்கும் வழக்கில்லை. “அநியாயத்துக்கு நல்லவனுங்க” என்பதில் பாராட்டோடு, இவன் எப்படிப் பிழைக்கப்போகிறான் என்ற கவலையும் இருக்கும். “அநியாயமாப் போய்ட்டானே” என்று இழவு வீட்டில் கேட்டால், அது செத்தவன்மேல் தப்பில்லை என்ற தீர்ப்பு.

கொங்கு வழக்கில் ‘நாயம்’ என்றால் நியாயம். வெறும் பேச்சும் நாயம்தான். திண்ணையில் நாலு பேர் ‘நாயம் பேசுகிறார்கள்’ என்றால் பஞ்சாயத்து என்று பதற வேண்டாம், ஊர்க்கதையாகவும் இருக்கலாம். இந்தப் பேச்சின் ருசியை எழுத்தில் அறிய, 1942இல் வெளிவந்த ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ நாவலில் தொடங்கலாம். பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

ஒரே ஒரு எச்சரிக்கை: ‘ங்க’ உதிர்ந்து “அநியாயம் பண்றயாடா?” என்று கேட்டால் பேரம் முடிந்துவிட்டது. ரசித்தது போதும், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.