கிளியோவுக்கு ஒரு காரணம் இருந்தது

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மஸ்ஜிட் ஜாமேக் எல்.ஆர்.டி. நிலையத்தில் இறங்கி, எங்கே போவது என்று முடிவு செய்யாமலேயே நடக்கத் தொடங்கினேன். லெபோ அம்பாங், பசார் செனி, அப்புறம் பெயர் பார்க்காமல் நுழைந்த இரண்டு சந்துகள். மதியம் அம்மா கூப்பிட்டார்.

"எங்கம்மா இருக்க?"

"சும்மா சுத்திக்கிட்டு இருக்கேன்மா."

"தனியாவா? என்னாத்துக்கு?"

புத்தகம் வாங்க வந்தேன் என்று சொல்லிவிட்டேன். வயது 28. கட்டுமான இடத்தில் ஆண்களிடம் அதட்டி வேலை வாங்குகிறவள். ஆனாலும் 'சும்மா' என்ற பதிலில் என்னால் ஒரு நிமிடம்கூட நிற்க முடியவில்லை.

அன்றிரவு ஆக்னஸ் வர்தாவின் 'கிளியோ 5 முதல் 7 வரை' படத்தை மூன்றாவது தடவையாகப் பார்த்தேன். 1962இல் வந்த பிரெஞ்சுப் படம். கிளியோ ஒரு பாடகி. தனக்குப் புற்றுநோயா என்ற மருத்துவப் பரிசோதனையின் முடிவு மாலையில் தெரிந்துவிடும். அதுவரை பாரிஸில் நேரத்தைக் கடத்த வேண்டும், கதை அவ்வளவுதான். பிரெஞ்சில் 'ஐந்திலிருந்து ஏழு' என்றால் கள்ளக் காதலர்கள் சந்திக்கும் வேளை என்று ஒரு வழக்கு உண்டு. அந்த நேரத்தில் தனியாக வெளியே போகும் பெண்ணுக்கு ஊரே ஒரு காரணத்தைத் தயாராக வைத்திருக்கிறது என்று அர்த்தம். வர்தா அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சாவு பயத்தை வைக்கிறார்.

இந்தப் படத்தைப் புகழ்கிறவர்கள் வழக்கமாகச் சொல்வது: முதல் பாதியில் கிளியோ பார்க்கப்படுகிறாள், இரண்டாம் பாதியில் அவள் பார்க்கிறாள். உண்மைதான். முதல் பாதி முழுக்கக் கண்ணாடிகள். தொப்பிக் கடையில், காப்பிக் கடையில், வீட்டில், எங்கே திரும்பினாலும் அவள் முகமே அவளுக்குக் காட்சி. பிறகு பாட்டு ஒத்திகையின் நடுவே ஏதோ ஒன்று அறுந்துபோகிறது. பொய்முடியைப் பிய்த்து எறிகிறாள், கறுப்பு உடையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்குகிறாள்.

இங்கிருந்து வரும் பகுதிக்காகத்தான் நான் மூன்று தடவை பார்த்தேன். தெருவில் ஒருவன் உயிருள்ள தவளைகளை விழுங்கிக் காட்டுகிறான். அருவருப்பில் விலகுகிறாள். தோம் என்கிற பெரிய காப்பிக் கடைக்குள் போய்ப் பாட்டுப் பெட்டியில் தன் பாட்டையே போட்டுவிட்டு, யாராவது கேட்கிறார்களா என்று மேசை மேசையாக நடக்கிறாள். ஒருவரும் கேட்கவில்லை. ஆளாளுக்கு அவரவர் கவலை, நடுநடுவே அல்ஜீரியப் போரைப் பற்றிய பேச்சு. வேறொரு இயக்குநர் இதை அவமானமாக எடுத்திருப்பார். எனக்கு இது படத்தின் மிகப் பெரிய சலுகையாகப் படுகிறது: நகரம் அவளைக் கண்டுகொள்ளாமல் விடுகிறது. பசார் செனி பக்கம் எனக்கு அது பத்து நிமிடம் கிடைத்தது. அதற்குள் போன் வந்துவிட்டது.

ஆனால் இந்தச் சலுகைக்கு வர்தா கேட்கும் விலைதான் எனக்கு உறுத்துகிறது. புற்றுநோய் பயம் இல்லாமல் கிளியோ இப்படிக் கிளம்பியிருப்பாளா? ஒரு பெண் நோக்கமில்லாமல் நடப்பதற்கு அத்தனை பெரிய நோக்கமா வேண்டும்? தமிழிலும் இதே கணக்குதான். வேலைவெட்டி இல்லாமல் அலைகிற பையன் ஊர்சுற்றி. திட்டுதான், ஆனால் அதில் கொஞ்சம் செல்லமும் இருக்கிறது. பெண்ணுக்கு அதே சொல் நிற்பதில்லை, உடனே 'ஊர் மேயுறா' என்று மாறிவிடுகிறது. சுற்றுவது மனிதர் செய்வது, மேய்வது மாடு செய்வது.

அப்புறம் அந்த அன்டுவான். மோன்சூரி பூங்காவில் அவள் தனியாக நிற்கும்போது தானாகவே வந்து பேச்சுக் கொடுக்கும் சிப்பாய். விடுப்பு முடிந்து அல்ஜீரியாவுக்குத் திரும்ப வேண்டியவன். முதல் தடவை பார்த்தபோது எரிச்சலாக இருந்தது. ஒரு பெண் ஒரு மணி நேரம் தனியாக இருந்தால் துணைக்கு ஆள் அனுப்பிவிடுவார்களா? இப்போது எரிச்சல் கொஞ்சம் குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை. கிளியோ என்பது புனைபெயர், தன் நிஜப் பெயர் ஃப்ளோரன்ஸ் என்று அவனிடம் சொல்கிறாளே, அந்த இடம் நல்ல இடம். தெரியாதவனிடம் மட்டும்தான் அதைச் சொல்ல முடியும். ஆனாலும் தோம் காப்பிக் கடையில் கிடைத்த அந்தத் தனிமை அதற்குப் பிறகு படத்துக்குள் திரும்பி வரவே இல்லை.

தொழில் புத்தி, நேரத்தையும் சரிபார்த்தேன். படம் அத்தியாயங்களாகப் பிரிந்திருக்கிறது, ஒவ்வொன்றின் தலைப்பிலும் மணி போட்டிருக்கிறது. தலைப்பு 7 மணி வரை என்கிறது, கடைசி அத்தியாயமோ 6.30க்கே முடிந்துவிடுகிறது. மருத்துவர் காரை நிறுத்தி, சிகிச்சை எடுத்தால் சரியாகிவிடும் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். கிளியோவின் பயம் போய்விடுகிறது. பயத்தோடு அவள் தெருவில் இறங்கிய காரணமும் போய்விடுகிறது.

மீதி அரை மணி நேரத்தை வர்தா எடுக்கவில்லை. நான் பார்க்க ஆசைப்படுவது அதைத்தான். அன்டுவான் ரயிலேறிய பிறகு, நோயும் இல்லாமல், காதலனும் இல்லாமல், கேட்டால் சொல்ல ஒன்றுமில்லாமல் அவள் எந்தத் தெருவில் திரும்புவாள்?