கரண்ட் போய் வந்தாலும் தானே ஓடும் விண்டோஸ் 98

முன்னேஸ்வரத்தில் ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் நடக்கும் பெருந்திருவிழா நான்கு வாரம் நீளும். தெதுரு ஓயாவில் தீர்த்தம் முடியும்வரை கோயிலைச் சுற்றியுள்ள மடங்களில் சனம் குறையாது. அப்படியொரு மடத்தின் முன்கூடத்தில், பழைய திருவிழா வீடியோக்களைக் காலையிலிருந்து இரவுவரை ஆள் துணையில்லாமல் ஓட்ட வேண்டும். அதற்காக நான் எடுத்துப் பார்த்தது ஒரு பென்டியம் 3 கொம்பியூட்டர். 128 எம்.பி. நினைவகம், விண்டோஸ் 98-இன் முதல் பதிப்பு, 15 அங்குலக் குழாய் மொனிட்டர்.

இவ்வளவு பழையது எதற்கு என்று கேட்பார்கள். ஓட்ட வேண்டிய வீடியோக்களுக்கும் ஏறக்குறைய இதே வயதுதான். 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் எங்கள் கரையோரத்தில் கலியாணமானாலும், தேரானாலும், உடப்பு திரௌபதை அம்மன் தீமிதிப்பானாலும் எடுத்தவர்கள் கையில் கொடுத்தது விசிடி இறுவட்டுத்தான். 1993-இல் வகுத்த தரம் அது. 352-க்கு 288 புள்ளி, விநாடிக்கு 25 சட்டம், எம்பெக்-1. பென்டியம் 3-க்கு இது மூச்சு வாங்காத வேலை. விண்டோஸிலேயே இதற்கான டிகோடர் இருப்பதால் வேறு எதையும் நிறுவத் தேவையில்லை. இன்றைய போனில் எடுத்த வீடியோவைக் கொடுத்தால் இதே இயந்திரம் திணறிவிடும். அவற்றை மடிக்கணினியில் எஃப்எஃப்எம்பெக் கொண்டு விசிடி தரத்துக்கு மாற்றி, சீடியில் எழுதித்தான் கொண்டுவர வேண்டும். பென்டிரைவைச் செருகினால் விண்டோஸ் 98 டிரைவர் கேட்டு நின்றுவிடும்.

உப்புக்காற்று முதலில் கைவைப்பது நினைவகப் பட்டையின் பொன்னிறப் பற்களில். அதைக் கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பப் பொருத்தியதும் அதுவரை எழ மறுத்துப் போட்ட பீப் சத்தம் நின்று இயந்திரம் எழுந்தது. விசிடிகளை சீடி டிரைவிலிருந்தே ஓட்டும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். லேசர் தேய்ந்த டிரைவ், கீறல் விழுந்த வட்டைப் பாதியில் கைவிடும். வட்டைத் திறந்தால் எம்பெக்ஏவி என்ற கோப்புறைக்குள் ஏவிசெக்01 என்ற பெயரில் டாட் கோப்பு ஒன்று இருக்கும். அதை வன்தட்டுக்குப் படியெடுத்து, பின்னொட்டை எம்பிஜி என்று மாற்றினால் பிளேயர் மறுக்காமல் திறக்கிறது. நிமிடத்துக்கு 10 எம்.பி. அளவு இடம் பிடிக்கும்.

ஸ்கிரிப்ட் என்று நான் சொல்வது நோட்பேடில் எழுதிய சில வரிப் பேட்ச் கோப்பு. 'ஃபார்' கட்டளை கோப்புறையிலுள்ள எம்பிஜிக்களை ஒவ்வொன்றாக எடுக்கும். 'ஸ்டார்ட்' அதைப் பிளேயரிடம் கொடுக்கும். கடைசியில் ஒரு 'கோட்டூ' மறுபடி மேலே கொண்டுபோகும். பழைய மீடியா பிளேயருக்கு 'பிளே', 'க்ளோஸ்' என்ற இரண்டு சொற்களைச் சாய்கோட்டோடு சேர்த்துக் கொடுத்தால் தானே ஓடி, முடிந்ததும் தானே மூடிக்கொள்கிறது. உயிர்நாடி 'ஸ்டார்ட்' கட்டளைக்குப் பின்னால் வரும் சாய்கோடும் டபிள்யூவும். ஒரு வீடியோ முடியும்வரை காத்திரு என்பது அதன் பொருள். அது இல்லாவிட்டால் கோப்புறையிலுள்ள அத்தனை வீடியோவும் ஒரே நேரத்தில் திறந்து இயந்திரம் உறைந்துவிடும்.

கொடியேற்றத்துக்கு முன்னால் தீர்த்தம் ஓடினால் பக்கத்தில் நிற்கும் பெரியவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். கோப்புகளுக்கு 01, 02 என்று எண்ணிட்டால் வரிசை சரியாகிவிடும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் இங்கே 'ஃபார்' எண்ணைப் பார்ப்பதில்லை, வன்தட்டின் பட்டியலில் கோப்பு எந்த இடத்தில் பதிந்திருக்கிறதோ அந்த ஒழுங்கில்தான் எடுக்கும். நடுவில் ஒன்றை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட்டால், அழித்ததன் இடத்தில் புதியது போய் உட்கார்ந்துவிடும். எனவே 'ஃபார்' வரியை எடுத்துவிட்டு, வீடியோவுக்கு ஒரு வரியாக நான் விரும்பிய ஒழுங்கில் எழுதிவைத்தேன். நீளம்தான், ஆனால் யார் திறந்து பார்த்தாலும் விளங்கும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் 'நிறுத்து' என்பதற்கான ஒரு வெற்றுக் கோப்பு இருக்கிறதா என்று ஸ்கிரிப்ட் பார்க்கும், இருந்தால் ஓய்ந்துவிடும். அந்தக் கோப்பை உண்டாக்க டெஸ்க்டாப்பில் ஒரு ஐகன் வைத்தேன். மடத்துத் தொண்டர்களுக்கு அது போதும்.

இத்தனையும் எளிது. உண்மையான வேலை கரண்ட் போய் வந்த பிறகுதான் தொடங்குகிறது. நுரைச்சோலையின் 900 மெகாவாட் அனல்மின் நிலையம் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அப்படியிருந்தும் 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் இருட்டில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9-ஆம் தேதி நாடு முழுவதுமே நின்றது. சாதாரண நாளிலும் ஒரு சொடுக்கில் போய்வருவது உண்டு. ஆளில்லாத கூடத்தில் ஒவ்வொரு முறையும் இந்த இயந்திரம் தானாக எழுந்து, முதல் வீடியோவுக்கு வந்து நிற்க வேண்டும்.

அதற்குக் குறுக்கே நிற்பவை மூன்று. மின்சாரம் வந்ததும் தானே எழும் அமைப்பு பயோஸில் இருக்கிறது, அதை இயக்கிவிட வேண்டும். ஆனால் பயோஸின் நினைவு தாய்ப்பலகையிலுள்ள சிஆர்2032 பற்றரியில் தங்கியிருக்கிறது. பற்றரி செத்தால் அந்த அமைப்பும் போகும், எஃப்1 விசையை அழுத்து என்ற கறுப்புத் திரையும் வரும். புதுப் பற்றரி போட்டு, பிழை எதற்கும் நிற்காதே என்றும் அமைத்தேன்.

அடுத்தது ஸ்கேன்டிஸ்க். ஒழுங்காக மூடாமல் நின்ற விண்டோஸ் 98, எழும்போது நீலத்திரை போட்டு வன்தட்டைச் சோதிக்கும், விசையை அழுத்தச் சொல்லிக் காத்திருக்கும். சி டிரைவில் மறைந்து கிடக்கும் எம்எஸ்டாஸ்.சிஸ் கோப்பில் 'ஆட்டோஸ்கேன்' என்று ஒரு வரி சேர்த்து 0 கொடுத்தால் இது வராது. அந்தக் கோப்பு பூட்டிய கோப்பு, 'அட்ரிப்' கட்டளையால் திறந்து திருத்திவிட்டு மறுபடி பூட்டுங்கள். உள்ளே வரிவரியாக எக்ஸ் எழுத்துகள் இருக்கும். குப்பை என்று அழிக்கக்கூடாது, கோப்பு 1,024 பைட்டுக்குக் குறையாமலிருக்கவே அவை. சோதனையை நிறுத்தியதற்கு ஈடாக இரவில் மூடுமுன் கையால் ஒருமுறை ஸ்கேன்டிஸ்க் ஓட்ட வேண்டும். ரெஜிஸ்ட்ரி கெட்டாலும் பயமில்லை, விண்டோஸ் 98 தானாகவே ஐந்து பிரதி எடுத்து வைத்திருக்கும்.

மூன்றாவது கடவுச்சொல் பெட்டி. கடவுச்சொல்லை வெறுமையாக விட்டு, முதன்மை நுழைவை விண்டோஸ் என்று மாற்றி, ஸ்கிரிப்டை ஸ்டார்ட்அப் கோப்புறையில் போட்டால் யாரையும் கேட்காமல் ஓடத் தொடங்குகிறது.

சோதனைக்காகப் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வயரைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் எழுந்து முதல் வீடியோவைத் தொடங்கியது. இந்த வகை விண்டோஸ் 49.7 நாள் தொடர்ந்து ஓடினால் உள்ளெண்ணி நிரம்பி உறைந்துவிடும் என்பது தெரிந்த குறை. நான்கு வாரத் திருவிழாவில் அந்த எல்லையைத் தொடவே மாட்டோம்.

வருகிறவர்களில் தமிழர், சிங்களவர் இரு சாராரும் உண்டு. விளக்க வரிகள் இரு மொழியிலும் வேண்டும். ஆனால் யுனிகோட் தமிழ் விண்டோஸ் 2000-இல்தான் வந்தது, சிங்களம் அதற்கும் பிறகு. ஆகவே வரிகளை மடிக்கணினியிலேயே படத்தின் மேல் எழுதி, படத்தோடு படமாக மாற்றித்தான் ஏற்ற முடியும். இதற்கு ஸ்கிரிப்டில் வழியில்லை, நேரத்தைத் தின்ற வேலையும் இதுதான்.

குறைகளைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வீடியோவுக்கும் அடுத்ததற்கும் நடுவே டெஸ்க்டாப் எட்டிப் பார்க்கிறது. பின்னணியைக் கறுப்பாக்கி, கீழ்ப்பட்டையை மறைத்து வைத்தேன். படம் முழுத்திரையில் வரவில்லை. திரையளவை 640-க்கு 480 ஆக்கியதில் பாதி அகலத்துக்கு மேல் நிறைகிறது, கூடத்தின் நடுவிலிருந்து பார்க்க அது போதும்.

புதிதாக வாங்குகிறவருக்கு யூஎஸ்பி செருகும் டிவிடி பிளேயரையே சொல்வேன். மலிவு, மின்சாரமும் குறைவு, முழுத்திரையும் கிடைக்கும். ஆனால் நான் பார்த்த பிளேயர்கள் கரண்ட் போய் வந்ததும் மெனுவில் நின்று ரிமோட்டுக்காகக் காத்திருக்கின்றன. வீட்டு மூலையில் வேலை செய்யும் பென்டியம் ஒன்று கிடந்தால், ஒரு பற்றரியும் ஒரு மாலை நேரமும் செலவழித்து அதைக் கூடத்தில் நிறுத்துங்கள். விசிடிகளைப் படியெடுக்கும்போது மடிக்கணினியிலும் ஒரு பிரதி போட்டுவையுங்கள். பென்டியத்தின் வன்தட்டும் பழையதுதான்.