வெள்ளை யானையும் நம் ஊர் யானையும்

அண்மையில் வாசித்த சிறுகதையொன்று. நல்ல கதைதான். மொனராகலைப் பக்கத்துச் சேனைக் கமக்காரர் ஒருவர் கடன்பட்டு உழவு இயந்திரம் வாங்குகிறார். அது ஓடிய நாட்களைவிடத் திருத்தக் கிடந்த நாட்களே அதிகம். கடைசியில் மனைவியிடம், "இது எனக்கு வெள்ளை யானையாப் போச்சு" என்கிறார். அந்த இடத்தில் கதை எனக்கு முறிந்துவிட்டது.

ஆங்கிலத்தில் இத்தொடருக்குத் திட்டமான பொருளுண்டு. சீயம் நாட்டு மன்னன், தனக்குப் பிடிக்காத பிரபுவுக்கு வெள்ளை யானையொன்றைப் பரிசளிப்பானாம். புனிதமானது என்பதால் வேலை வாங்க முடியாது. மன்னன் தந்தது என்பதால் கைமாற்றவும் முடியாது. தீனி போட்டே ஆள் அழிந்துபோவான். கட்டுக்கதையாகவே இருக்கட்டும், தொடரின் உயிர் அதில்தான் இருக்கிறது: வைத்திருந்தால் செலவு, விட்டுவிட வழியில்லை. வெறுமனே பெரியதையும் தோற்றுப்போனதையும் 'வெள்ளை யானை' என நம்மவர்கள் எழுதுவது பிழை. 2013இல் திறக்கப்பட்ட மத்தளை விமான நிலையத்தை அப்படி அழைத்தது பொருத்தமே. ஏறத்தாழ 20 கோடி டொலர் செலவு, பெரும்பகுதி சீனக் கடன். விமானம் வந்தாலும் வராவிட்டாலும் ஓடுபாதையைப் பராமரித்தே ஆகவேண்டும். (அங்கே நிஜ யானைகளையும் துரத்த வேண்டியிருந்தது வேறு கதை.)

பயிற்சிக் கலாசாலையில் இத்தகைய தொடர்களை நாங்கள் மனனமாக்கினோம். அதே பழக்கத்தில் நானும் தரம் 9 வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதி வாக்கியம் அமைக்கச் சொன்னேன். "எங்கள் அதிபர் ஒரு வெள்ளை யானை" என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள், பாராட்டாக! எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெசாக் பந்தல்களில் மகாமாயாவின் கனவில் வரும் வெள்ளை யானையைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. இந்திரனின் ஐராவதமும் வெள்ளைதானே. இந்த மண்ணில் அது மேன்மையின் சின்னம்.

"வீட்டில் வைத்திருக்கவும் ஏலாத, விடவும் ஏலாத சாமான் ஏதும் இருக்கா?" என்று கேட்டேன்.

"வாப்பாட மோட்டார் சைக்கிள் சேர். யானையக் கட்டித் தீனி போடுற மாதிரி எண்டு உம்மா சொல்லுவா."

கதையாசிரியருக்குத் தேவைப்பட்ட வசனம் இதுதான். அவருடைய கமக்காரர் இரவெல்லாம் பரணில் யானை வெடியோடு விழித்திருப்பவர். ஒரே இரவில் சோளச் சேனை எப்படிக் காணாமற் போகும் என்பது அவருக்குத் தெரியும். யானையின் தீனியைப் பற்றி அவர் சீயத்திடம் கடன் வாங்கவேண்டியதில்லை.

தொகுதியாக வரும்போது அந்த ஒரு வரியை மாற்றும்படி ஆசிரியருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.