பக்கத்து வீட்டு எண்கள்

4374-ஐ ஒருமுறை 2-ஆல் வகுத்துவிட்டு, 3-ஆல் வகுத்துக்கொண்டே போங்கள். ஏழாவது தடவையில் 1 வந்து நிற்கும். அதன் மிகப்பெரிய பகாக் காரணி வெறும் 3. அடுத்த வீட்டு 4375-க்கு 7. இந்தப் பக்கம் 4373? உடையவே உடையாது, தானே பகா எண். அந்தப் பக்கம் 4376-க்குள் 547 சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. ஒரே தெருவில் இத்தனை மேடு பள்ளம்!

அடுத்தடுத்த எண்களுக்கு 1-ஐத் தவிர பொதுக் காரணி கிடையாது, ஒட்டியிருந்தும் ஒட்டுறவில்லை. கணிதவியலாளர்கள் எர்டோஷும் பொமரன்ஸும் 1978-இல் இந்த ஜோடிகளை ஆராய்ந்தார்கள். ஜோடியில் எதன் மிகப்பெரிய பகாக் காரணி பெரிது என்பது, பூவா தலையா போலச் சரிபாதியாக அமையும் என்பது கணிப்பு. முழு நிரூபணம் இன்னும் வரவில்லை. நானோ, பஸ் டிக்கெட் கையில் வந்தால் அதன் எண்ணையும் அடுத்ததையும் உடைக்க ஆரம்பித்துவிடுவேன். இறங்கும் இடம் தாண்டிப்போனதும் உண்டு.