பார்வையாளரைப் பிரித்தல்: தரை டிக்கெட்டிலிருந்து பின்கோடு வரை

‘பார்வையாளர்’ என்று ஒருவர் எங்கேயும் முன்கூட்டியே உட்கார்ந்திருப்பதில்லை. அவர் உண்டாக்கப்படுகிறார். பிரதியை உற்பத்தி செய்பவர் வாசகரே என்று முப்பது வருஷமாக இந்தப் பக்கங்களில் எழுதியாயிற்று. அந்த வாசகரை, அந்தப் பார்வையாளரை யார் எங்கே வைத்து உற்பத்தி செய்கிறார்கள் என்ற கேள்வி மட்டும் விளம்பரக் கம்பெனிகளின் மேசையில் கிடக்கிறது. அவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘ஆடியன்ஸ் செக்மென்ட்’. கச்சேரிக்கோ சினிமாவுக்கோ டிக்கெட் விற்பதற்காக ஜனங்களைக் கூறு போடும் வேலை. சும்மா ஒரு வியாபார உத்தி என்று இதைத் தள்ளிவிட முடியாது என்பதே என் வாதம். இது ஒரு அதிகாரத் தொழில்நுட்பம். ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் நின்று பார்த்தால் அதன் வேலை தெளிவாகத் தெரிகிறது.

1

கூறு போடுவது கம்ப்யூட்டர் வந்து ஆரம்பித்த விஷயமல்ல. சினிமா பற்றி விசாரிக்க 1927இல் பிரிட்டிஷ் இந்திய அரசு ஒரு குழு அமைத்தது. தலைவர் சென்னை வக்கீல் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். 353 பேரிடம் சாட்சியம் கேட்டு 1928இல் அறிக்கை கொடுத்தது. அந்த விசாரணை முழுக்க ஓடும் பிரிவினை ஒன்றுதான்: படித்தவர், படிக்காதவர். எந்தப் படத்தை எவர் விரும்புகிறார், எந்தக் காட்சி எவரைக் கெடுக்கும் என்பதெல்லாம் இந்தக் கோட்டின் மேல்தான் எழுதப்பட்டது. ஆளுவதற்காகப் பார்வையாளரைப் பிரித்த அந்தக் கை, பிறகு விற்பதற்காகப் பிரிக்கும் கையாக மாறியது.

அதே 1928இல்தான் மியூசிக் அகாடமியும் தொடங்கப்பட்டது. சபாவுக்குப் பார்வையாளரைத் தேட வேண்டிய அவசியமில்லை. உறுப்பினர் பட்டியலே பார்வையாளர் பட்டியல். இன்னார் மகன், இன்ன தெரு என்று தெரிந்த ஆட்கள். கா. சிவத்தம்பி 1981இல் தமிழ் சினிமா பற்றி எழுதிய நூலில் சொன்னது இதற்கு எதிர்முனை: தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் இடம் சினிமாக் கொட்டகை, அங்கே இடத்தைத் தீர்மானித்தது சாதி அந்தஸ்து அல்ல, டிக்கெட் விலை. இதில் நான் ஒரு சொல்லைச் சேர்ப்பேன்: ‘உள்ளே’. தரை டிக்கெட்டும் பால்கனியும் தனித்தனி என்றாலும் இரண்டும் கொட்டகைக்கு உள்ளேதான். 1967இல் திறந்து 2020இல் மூடப்பட்ட தண்டையார்பேட்டை அகஸ்தியாவில் முன்வரிசைக்காரன் போட்ட விசில் பின்வரிசைக்காரனின் காதில் விழுந்தது. பிடிக்காவிட்டாலும் சகித்துத்தான் ஆகவேண்டும். பிரிவினை கண்ணுக்குத் தெரிந்ததால் அதை எதிர்க்கவும் கேலி செய்யவும் முடிந்தது.

இன்றைய பிரிவினை கொட்டகை வாசலுக்கு வெகு முன்னாலேயே நடந்து முடிந்துவிடுகிறது.

2

எப்படி நடக்கிறது? டிக்கெட் விற்கும் ஒரு கம்பெனியில் இந்த வேலையைச் செய்கிற தம்பி ஒருவர், திருவொற்றியூர் தேரடிப் பக்கத்துக்காரர், எனக்குச் சொன்னது:

“மனுசன யாருண்ணே பாக்குறா? கடேசியா எப்ப வாங்குனான், எத்தினி தபா வாங்குனான், எவ்ளோவுக்கு வாங்குனான். இந்த மூணுதான். அதுக்கு மேல பின்கோடு, இன்னா போனு வச்சிக்கிறான், கார்டா ஜீபேவான்னு பாப்போம். நல்லா வாங்குற ஆயிரம் பேர குடுத்தா, அதே மாரி இருக்கிற லட்சம் பேர மெஷினே தேடித் தந்துரும்.”

உங்க ஏரியா பின்கோடு அதுல வருதா என்று கேட்டேன்.

“600019-அ தூக்குன்னு எவனும் சொல்ல மாட்டாண்ணே. ‘கன்வெர்ஷன் கம்மி’ன்னு ஒரே ஒரு வார்த்த. அது தானா பூடும்.”

‘தானா பூடும்’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விலக்குகிற கை தெரிவதில்லை. விளம்பரம் காட்டப்படாத இடத்தில் டிக்கெட் விற்காது. விற்காத இடத்தில் ‘கன்வெர்ஷன்’ குறையும். குறைந்த இடத்தில் அடுத்த தடவை விளம்பரம் காட்டமாட்டார்கள். ஒரு நகரத்தின் பாதி, எவரும் வெறுக்காமலேயே, இந்தச் சுழலில் பட்டியலுக்கு வெளியே போய்விடுகிறது. தெல்யூஸ் 1990இல் கட்டுப்பாட்டுச் சமூகம் பற்றி எழுதியபோது ‘தனிமனிதர்’ உடைந்து துண்டு துண்டான தரவாக ஆவதைச் சொன்னார். இங்கே அந்த உடைப்பு எல்லோருக்கும் சமமாகக்கூட நடப்பதில்லை. சிலர் துண்டுகளாகிறார்கள், சிலர் துண்டாகக்கூட எண்ணப்படுவதில்லை.

காசில்லாதவன் வாங்கமாட்டான், இதில் என்ன மர்மம் என்று கேட்கலாம். விஷயம் காசு இல்லாதது அல்ல, தடம் இல்லாதது. காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் கைமாறும் ரொக்கம் எந்தப் பட்டியலிலும் ஏறாது. ஒரு வீட்டில் ஒரே போன். அம்மா அதில் அம்மன் பாட்டு கேட்கிறார், பையன் கானா பார்க்கிறான், பெண் பரீட்சைக்குப் பாடம் படிக்கிறாள். மெஷினுக்கு இது மூணு பேரல்ல, ரசனை குழம்பிய ஒரே ஆள். தடம் தெளிவாக உள்ளவருக்கோ வாசல் முன்னதாகவே திறக்கிறது. 2024இல் தில்ஜித் தோசாஞ்சின் இந்தியச் சுற்றுப்பயணத்துக்கு ஒரு தனியார் வங்கியின் குறிப்பிட்ட கிரெடிட் கார்டு வைத்திருந்தவர்களுக்கு முதலில் டிக்கெட் விற்கப்பட்டது. கார்டுதான் அங்கே வரிசை. அதே ஆண்டு ஆகஸ்டில் சோறு கொண்டுவந்து கொடுக்கும் சொமாட்டோ, பேடிஎம்மின் டிக்கெட் வியாபாரத்தை 2,048 கோடி ரூபாய்க்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. நாம் ராத்திரி என்ன சாப்பிடுகிறோம் என்பதும் எந்தக் கச்சேரிக்குப் போகிறோம் என்பதும் ஒரே வீட்டுக் கணக்கில் சேர வழி பிறந்தாயிற்று.

3

இந்தப் பட்டியல் தரையில் இறங்கும்போது என்ன ஆகிறது என்பதற்கு ஒரு பிரதி நம்மிடம் இருக்கிறது. 2023 செப்டம்பர் 10, கிழக்குக் கடற்கரைச் சாலை பனையூர், ஏ.ஆர். ரகுமானின் ‘மறக்குமா நெஞ்சம்’. சில்வர், கோல்டு, பிளாட்டினம், டைமண்ட் என்று உலோகமும் ரத்தினமுமாக ஜனங்கள் தரம் பிரிக்கப்பட்டார்கள். டிக்கெட் கையிலிருந்தும் உள்ளே போகமுடியாமல் ஏராளம் பேர் திரும்பினார்கள். நெரிசலில் குழந்தைகள் தவித்தார்கள். பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகப் பெண்கள் சொன்னார்கள். போலீஸ் விசாரித்தது, டிக்கெட் நகலை அனுப்பச் சொல்லி ரகுமானே கேட்டார்.

இதை நிர்வாகக் குளறுபடி என்று படிப்பது சுலபம். எனக்குத் தோன்றுவது வேறு. செக்மென்ட் என்பது திரையில் மட்டும் எல்லையுள்ளது. வாசலில் அது வெறும் உடம்பு. உடம்புக்குக் கழிப்பறை வேண்டும், வழி வேண்டும், வீடு திரும்ப வண்டி வேண்டும். வாங்கும் கணம் வரை ஆளைத் துல்லியமாகத் துரத்தும் அறிவு, வாங்கிய பிறகு அவர் எங்கே நிற்பார் என்று யோசிப்பதில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கோபத்தின் ஒரு பங்கு ‘இவ்வளவு கொடுத்தும் எல்லோரோடும் நிற்க வைத்தார்களே’ என்பதாக இருந்தது. பட்டியல் விற்றது இசையை மட்டுமல்ல. மற்றவரோடு சேர்ந்து நிற்காமலிருக்கும் உரிமையையும் அது விற்றிருக்கிறது.

4

வடசென்னை இந்தச் சந்தையில் இல்லவே இல்லையா? இருக்கிறது, சரக்காக. படத்தின் பெயராக, கானாவாக, குத்துச்சண்டையாக, புகைபோக்கிப் பின்னணியாக. பார்க்கப்படுகிற இடம், பார்க்கிற இடமல்ல. நம் பக்கத்து முயற்சிகளையும் இந்தக் கேள்வி விடாது. 2017இல் டி.எம். கிருஷ்ணா பாடி எண்ணூர்க் கழிமுகத்தில் படமாக்கப்பட்ட ‘சென்னை புறம்போக்கு பாடல்’ சாம்பல் கொட்டிய ஆற்றைப் பலருக்கும் காட்டியது. அதன் நியாயத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் ‘பலர்’ யார்? ‘சூழலியல் ஆர்வலர்’ என்பதும் ஒரு செக்மென்ட்தான். எண்ணூர்க்காரர் அதில் உள்ளடக்கமாக வருகிறார், பார்வையாளராக எண்ணப்படுகிறாரா?

இது வெறும் ரசனைப் பிரச்சினையல்ல. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் கோரமண்டல் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மூச்சு முட்டி எழுந்த பெரியகுப்பத்து ஜனங்கள் ஒருவரை ஒருவர் தட்டி எழுப்பிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார்கள். ஐந்து கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருக்கும் போன்களைக் கண்டுபிடித்து டிக்கெட் விற்கும் நுட்பம் இதே நகரத்தில் இருக்கிறது. வாங்குபவராக எண்ணப்படாதவர், எச்சரிக்கப்பட வேண்டியவராகவும் எண்ணப்படாமல் போகிற ஆபத்தைத்தான் நான் இங்கே சுட்ட விரும்புகிறேன். இரண்டு பட்டியலையும் போடுவது வேறு வேறு கைகளாக இருக்கலாம். யார் கணக்கில் வருகிறவர் என்ற புத்தி ஒன்றுதான்.

5

மாற்று என்ன? பழசைப் பொன்னாக்கிப் பேசுவதில் எனக்கு ஆர்வமில்லை. வடசென்னைக் குத்துச்சண்டையைச் சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரை பிரித்துத்தான் ஜனங்கள் பார்த்தார்கள்; அதுவும் கூறுதான், பெண்களுக்கு அங்கே இடமில்லை. சாவு வீட்டுக் கானாவுக்கு டிக்கெட் கிடையாது, தெரு மொத்தமும் பார்வையாளர். ஆனால் பாடியவர்கள் ஆண்கள். இசைவாணி மேடையேறியதற்குப் பிறகும் அது முழுசாக மாறிவிடவில்லை. 2015இல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழா டிக்கெட் இல்லாமல் சபா சங்கீதத்தைக் குப்பத்துக்குக் கொண்டுவந்தது. குப்பத்து ஜனம் சபாவுக்குள் போகும் பாதை அதனாலேயே திறந்துவிடவில்லை.

எனவே இலவசம் என்பது மட்டும் பதிலாகாது. கேட்க வேண்டியவை தெளிவானவை. பொது மைதானத்தில், மாநகராட்சி இடத்தில் நடக்கும் நிகழ்ச்சிக்கு டிக்கெட்டில் ஒரு பங்கு நேரடிக் கவுன்ட்டரில், ரொக்கத்துக்கு, குறைந்த விலையில் விற்கப்பட வேண்டும். சினிமாத் தியேட்டர்களில் முன்வரிசைப் பத்து ரூபாய் டிக்கெட் பல வருஷம் அரசு விதியால்தான் பிழைத்திருந்தது. அப்போது எவனும் ‘கன்வெர்ஷன்’ பேசவில்லை. பின்கோடு வைத்து ஆளைக் கழிப்பது கழிப்புதான் என்று சட்டம் சொல்ல வேண்டும். 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் தரவுக்கு நம்மிடம் சம்மதம் கேட்கச் சொல்கிறது; பட்டியலிலிருந்து விடுபட்டவரிடம் கேட்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

நம் கூட்டங்களுக்கும் இது பொருந்தும். வாட்ஸப்பில் அழைப்பு போகும் அந்த இருநூறு எண்களை எடுத்துப் பாருங்கள். அதில் எத்தனை 600013, எத்தனை 600057? விம்கோ நகர் வரை மெட்ரோ 2021லேயே வந்துவிட்டது. கூட்டம் மட்டும் இன்னும் அந்தப் பக்கம் வண்டி ஏறவில்லை.