தமிழ் எழுத்துச் சீர்திருத்தமும் வரைகலை விமர்சனமும்

வரைகலை என்பது எழுத்து, படம், வெற்றிடம் ஆகியவற்றை அச்சிலும் திரையிலும் அமைத்துப் பொருள் உணர்த்தும் கலை. நூல் பக்கம், நாளிதழ்த் தலைப்பு, சுவரொட்டி, கடைப்பலகை, கைபேசித் திரை ஆகியவை அதன் களங்கள். அன்றாட வாழ்வில் மிக அதிகமாகக் கண்ணில் படும் கலை இது. ஆனால் தமிழில் மிகக் குறைவாக விமர்சிக்கப்பட்ட கலைகளில் இதுவும் ஒன்று. ஒரு கவிதைத் தொகுதிக்கு எழுதப்படும் மதிப்புரையில் அட்டைப்படம் பற்றி ஒரு வரி இருக்கலாம். உள்ளே எழுத்து எந்த வடிவில், எந்த அளவில், எத்தகைய வரி இடைவெளியில் அமைந்துள்ளது என்பது பெரும்பாலும் பேசப்படுவதில்லை.

இக்குறை தமிழுக்கு மட்டும் உரியதன்று. இத்தாலிய வடிவமைப்பாளர் மாசிமோ விக்னெல்லி 1983-ல் ‘கிராஃபிஸ்’ ஆண்டு மலரில், வரைகலைக்கு வரலாறும் கோட்பாடும் விமர்சனமும் வேண்டும் என்று வலியுறுத்தினார். 1990-ல் லண்டனில் ரிக் பாய்னரை ஆசிரியராகக் கொண்டு தொடங்கிய ‘ஐ’ இதழ் அத்தகைய விமர்சனத்துக்கு இடமளித்தது. தமிழில் அப்படி ஒரு விமர்சன மரபு இல்லாததால் நேர்ந்த இழப்பைக் காட்டும் தெளிவான எடுத்துக்காட்டு 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தம் பற்றிய விவாதம்.

சீர்திருத்தத்தின் பின்னணி

தமிழ் எழுத்து எக்காலத்திலும் ஒரே வடிவில் இருந்ததில்லை. 1578-ல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலின் எழுத்துகள் இன்றைய வாசகருக்கு எளிதில் பிடிபடுவதில்லை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை எழுத்தில் தெளிவாகக் காட்டும் முறை 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவரின் பெயரோடு இணைத்துச் சொல்லப்படுகிறது.

பெரியார் 1935-ல் ‘குடி அரசு’ இதழில் தம் சீர்திருத்த எழுத்துகளைப் பயன்படுத்தத் தொடங்கினார். அவருடைய நூற்றாண்டையொட்டி 1978-ல் எம்.ஜி.ஆர். தலைமையிலான தமிழ்நாடு அரசு அவற்றில் 13 எழுத்துகளை ஏற்றது. ணா, றா, னா ஆகிய மூன்றும், ணை, லை, ளை, னை ஆகிய நான்கும், ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆகிய ஆறும் அவை. முன்பு ணா, றா, னா ஆகியவற்றுக்குத் தனிக் கால் கிடையாது. எழுத்தின் கடைசிக் கோடே சுழிந்து நீளும். ணை, லை, ளை, னை ஆகியவை ஐகாரக் குறிக்குப் பதிலாக யானையின் துதிக்கை போன்ற வளைவைப் பெற்றிருந்தன.

விவாதத்தில் விடுபட்டது

சீர்திருத்தத்துக்கு ஆதரவாக இரண்டு காரணங்கள் முதன்மையாகச் சொல்லப்பட்டன. ஒன்று கற்றல் எளிமை: கா, சா, தா என்று கால் இடும்போது ணா மட்டும் ஏன் வேறுபட வேண்டும்? மற்றொன்று அச்சு எளிமை. எதிர்த்தவர்கள் மரபையும் அழகையும் முன்வைத்தனர். இரு தரப்பும் மொழி, அரசியல், பண்பாடு ஆகிய தளங்களில் வாதிட்டன. பக்கத்தை யாரும் போதிய அளவு உற்றுப் பார்க்கவில்லை.

பார்த்திருந்தால் இரண்டு செய்திகள் கிடைத்திருக்கும். முதலாவது, மாறிய எழுத்துகள் 13 என்றாலும், அச்சுக்கோப்பவரின் பெட்டியில் குறைந்த வடிவங்கள் அடிப்படையில் 7 மட்டுமே. பழைய ணொ என்பது ஒற்றைக் கொம்பும் பழைய ணா வடிவமும் சேர்ந்தது; அதற்குத் தனி அச்சு தேவையில்லை. ஆகவே அச்சுக்குக் கிடைத்த ஆதாயம், எண்ணிக்கை தோற்றுவிக்கும் அளவுக்குப் பெரிதன்று.

இரண்டாவது இதைவிட முக்கியமானது. ‘ஐ’ இரண்டாம் வேற்றுமை உருபு. அவனை, கடலை, நூல்களை, கண்ணை என்று அது சொற்களின் இறுதியில் ஓயாமல் வரும். ‘இல்லை’ என்ற சொல்லும் தமிழ் உரைநடையில் அடிக்கடி வருவது. எனவே ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் ஏறத்தாழ ஒவ்வொரு பத்தியிலும் பலமுறை இடம்பெறும் எழுத்துகள். அவற்றின் வடிவம் மாறியபோது நெடுங்கணக்கில் நான்கு கட்டங்கள் மாறின என்று மட்டும் கொள்வது பிழை. தமிழ்ப் பக்கத்தின் மொத்தத் தோற்றமும் சொல்லிறுதிகளின் உருவமும் மாறின. பழகிய வாசகர் எழுத்தெழுத்தாக அல்லாமல் சொல்லின் உருவத்தையும் சேர்த்தே உணர்கிறார் என்றால், இந்த மாற்றம் வாசிப்பு வேகத்துக்கு உதவியதா, இடையூறானதா என்பது ஆராய வேண்டிய கேள்வி. அழகு என்றும் பழமை என்றும் சொல்லி முடித்துவிடக்கூடியதன்று.

முடிவெடுக்கும் இடம் மாறியது

இன்று அச்சு எளிமை என்ற காரணம் வலுவிழந்துவிட்டது. ஒருங்குறியில் ‘லை’ என்பது ல என்ற எழுத்தும் ஐகாரக் குறியும் சேர்ந்த தொடர். அதைத் துதிக்கை வடிவில் காட்டுவதா, தனிக் குறியோடு காட்டுவதா என்பதை எழுத்துருவே தீர்மானிக்கிறது. சேமிக்கப்பட்ட உரையில் ஓர் எழுத்தும் மாறாது, தேடலும் பாதிக்கப்படாது. 1930-களில் ஈயத்தில் வார்த்த அச்சுகளை நம்பியிருந்த அச்சகத்துக்கு இந்த வசதி இல்லை.

இதன் விளைவு பெரிது. எழுத்தின் வடிவத்தை ஒருகாலத்தில் அச்சகமும் பின்னர் அரசாணையும் முடிவு செய்தன. இப்போது அந்த முடிவு எழுத்துருவை வரைபவரிடமும் அதைத் தேர்ந்தெடுக்கும் பக்க வடிவமைப்பாளரிடமும் வந்து சேர்ந்துள்ளது. பழைய நூலொன்றை மறுபதிப்பு செய்பவர் பழைய வடிவங்களையே காட்ட முடியும். பள்ளி நூலுக்குப் புதிய வடிவங்களே பொருந்தும். தேர்வு இருக்கும் இடத்தில் பொறுப்பும் உண்டு. பொறுப்பைக் கேள்வி கேட்பதே விமர்சனத்தின் வேலை.

அளந்து பார்க்கக்கூடிய கேள்விகள்

உகர, ஊகார வரிசைகளையும் தனிக் குறிகளால் எழுதலாம் என்று கல்வியாளர் வா.செ. குழந்தைசாமி முன்வைத்த திட்டத்துக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. அந்த விவாதமும் பெரும்பாலும் மரபா, மாற்றமா என்ற அளவில் நின்றது. சான்றோ எழுத்திலேயே இருக்கிறது. ‘கு’ என்பதில் உகரம் எழுத்தோடு ஒன்றியிருக்கிறது. ‘ஜு’, ‘ஷு’ போன்ற கிரந்த எழுத்துகளில் தனிக் குறியாகப் பிரிந்து நிற்கிறது. நான்காம் வேற்றுமை உருபாகிய ‘கு’ தமிழில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, ஒரு பக்கத்தை இரு முறையிலும் கோத்துப் பார்த்தால் வரி எவ்வளவு நீள்கிறது, தாள் எவ்வளவு கூடுகிறது என்பது தெரிந்துவிடும். ஒரு மாணவர் சில நாட்களில் செய்து முடிக்கக்கூடிய ஆய்வு இது.

ஓலை கிழியாமல் இருக்கவே தமிழ் எழுத்துகள் வளைந்தன என்ற வழக்கமான கூற்றும் இத்தகைய சோதனைக்கு உரியது. க, ட, ப ஆகியவற்றில் நேர்கோடுகள் இன்றும் உள்ளன. அவையும் ஓலையில் பல நூற்றாண்டுகள் எழுதப்பட்டவையே. அக்கூற்றில் உண்மை இருக்கலாம். ஆனால் அதைத் திரும்பச் சொல்பவர்கள் இந்த எழுத்துகளுக்கும் விளக்கம் தர வேண்டும்.

ஆய்வுக்குள்ள தடைகள்

முதல் தடை ஆவணக் குறைவு. பழைய தமிழ் நூல்களில் அச்சகத்தின் பெயர் இருக்கும். எழுத்தை வெட்டியவர், வார்த்தவர் பெயர் அரிது. 1862-ல் வெளியான வின்ஸ்லோ அகராதி சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் பி.ஆர். ஹண்ட் பொறுப்பில் அச்சானது என்பது தெரிகிறது. அத்தகைய அச்சகங்களில் உழைத்த உள்ளூர்த் தொழிலாளர்கள் வரலாற்றில் பெயரற்றவர்களாகவே நிற்கின்றனர். இன்றைய நூல்களிலும் எழுத்துருவின் பெயரையும் அதை வரைந்தவரின் பெயரையும் குறிப்பிடும் வழக்கம் பரவவில்லை.

இரண்டாவது தடை மொழி சார்ந்தது. தமிழ் எழுத்துருக்களின் வளர்ச்சி பற்றிய குறிப்பிடத்தக்க ஆய்வொன்றை, இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் பிரேசில் வடிவமைப்பாளர் ஃபெர்னான்டோ மெல்லோ 2007-ல் முதுகலை ஆய்வேடாக எழுதினார். அது ஆங்கிலத்தில் உள்ளது. தமிழ் எழுத்தைப் பற்றிய நுட்பமான பேச்சு தமிழில் நடக்காவிட்டால், தமிழ் வழியில் பயிலும் வடிவமைப்பு மாணவருக்கு அதற்குரிய கலைச்சொற்களும் உருவாகா.

மதிப்பீடு

1978-ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் கற்பவருக்கு விதிவிலக்குகளைக் குறைத்தது. அந்த நன்மை மறுக்கத்தக்கதன்று. பழைய வடிவங்களுக்குத் திரும்ப வேண்டும் என்று கோருவதற்கும் இன்று காரணம் இல்லை. ஆனால் கோடிக்கணக்கானோர் படிக்கும் எழுத்தின் வடிவம், அது எப்படிப் படிக்கப்படுகிறது என்பதை ஆராயாமலே மாற்றப்பட்டது என்பது வரைகலை நோக்கில் ஒரு குறையே. அடுத்த மாற்றம் அரசாணையாக வரும் என்று சொல்ல முடியாது. பலரும் பயன்படுத்தும் கைபேசி ஒன்றின் இயல்பான எழுத்துருவாக, அறிவிப்பே இல்லாமல் வந்து பழகிப்போகவும் கூடும். அப்போது அந்த எழுத்துருவை எண்ணியும் அளந்தும் ஒப்பிட்டும் தமிழில் எழுதத் தெரிந்த வாசகர்கள் தேவைப்படுவார்கள்.