அனாகின் யாருக்காக மாறினான்?

ஸ்டார் வார்ஸ் ரசிகர்கள் இரண்டு பேரை ஒரு அறையில் உட்கார வைத்தால், பத்து நிமிஷத்துக்குள் இந்தக் கேள்வி வந்துவிடும்: அனாகின் ஸ்கைவாக்கர் ஏன் டார்த் வேடர் ஆனான்? படமே பதில் சொல்லிவிட்டதே என்று தோன்றலாம். மனைவி பத்மே பிரசவத்தில் சாகப்போவதாக அவனுக்குக் கனவு வருகிறது. அவளைக் காப்பாற்றும் வித்தை சித்துகளிடம்தான் இருக்கிறது என்று பால்பட்டின் ஆசை காட்டுகிறார். இவன் விழுகிறான். 2005-இல் வந்த "ரிவெஞ்ச் ஆஃப் த சித்" படத்தின் கதை இவ்வளவுதான். ஆனாலும் இருபது வருஷமாகப் பட்டிமன்றம் ஓயவில்லை.

ஒரு கட்சி, "பாவம், காதலுக்காகப் பண்ணினான்" என்கிறது. இன்னொன்று, "தப்பு ஜெடாய்கள் மேல்தான், அந்தப் பையனை அவர்கள் நடத்திய விதம் அப்படி" என்கிறது. எல்லாமே பால்பட்டின் பின்னிய வலை என்று சொல்பவர்களும் உண்டு. இந்தக் கடைசிக் கட்சியோடு எனக்குப் பெரிய வழக்கு இல்லை. அது உண்மைதான், ஆனால் சுவாரசியமில்லாத உண்மை. வலை விரித்தவன் யார் என்று எல்லோருக்கும் தெரியும். மீன் ஏன் அந்தப் பக்கம் நீந்தியது என்பதுதானே கேள்வி?

(படங்களைப் பார்க்காதவர்களுக்கு: இனி வருவதில் கதை முழுக்க உடைந்துவிடும். வேறு வழியில்லை.)

இந்தச் சண்டை தீராததற்கு முதல் காரணம் கதை செய்யப்பட்ட விதம். இது முடிவிலிருந்து பின்னோக்கிக் கட்டப்பட்ட கதை. 1977-இல் முதல் படம் வந்தபோது லூக்கின் அப்பா ஒரு ஆள், அவரைக் கொன்ற வேடர் வேறு ஆள். இரண்டாவது படத்தின் முதல் திரைக்கதை வடிவத்தை எழுதியவர் லீ பிராக்கெட். அதிலும் அவர்கள் இரண்டு பேர்தான். லூக்கின் அப்பா ஆவியாக வந்து மகனிடம் பேசுவார். பிராக்கெட் 1978 மார்ச்சில் இறந்துபோனார். அதன்பிறகு ஜார்ஜ் லூகாஸ் தானே உட்கார்ந்து எழுதிய வடிவத்தில்தான் வேடரே அப்பா ஆனான். அதாவது, "அந்த நல்ல ஜெடாய் ஏன் இப்படி ஆனான்" என்ற கேள்வியே அந்த மேஜையில் பிறந்ததுதான். பதில் திரைக்கு வர இன்னும் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆனது.

வந்த பதிலும் ஒரே மூச்சில் வரவில்லை. "ரிவெஞ்ச் ஆஃப் த சித்" படப்பிடிப்பின்போது அனாகினுக்குப் பல காரணங்கள் இருந்தன. ஜெடாய்கள் குடியரசைக் கைப்பற்றத் திட்டமிடுகிறார்கள் என்று அவன் நிஜமாகவே நம்புவதும் அவற்றில் ஒன்று. தொகுப்பில் உட்கார்ந்த பிறகுதான் லூகாஸ் கூடுதல் காட்சிகள் எடுத்து, இருந்ததை மாற்றி அடுக்கி, பத்மேயைக் காப்பாற்றுவது என்பதைத் தலையாய காரணமாக ஆக்கினார். படத்தைக் கூர்ந்து பார்த்தால் பழைய காரணங்கள் அங்கங்கே சுவரில் ஆணி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்பது தெரியும். முஸ்தஃபாரில் ஓபி-வானோடு சண்டை போடும்போது, தன் பார்வையில் ஜெடாய்கள்தான் கெட்டவர்கள் என்று கத்துகிறானே, அது பழைய ஆணிதான்.

அதனால் "இயக்குநர் என்ன நினைத்தார்" என்று தேடிப் போனால் முடிவு கிடைக்காது. அவரே நினைப்பை மாற்றிக்கொண்டவர். திரையில் அனாகின் என்ன செய்கிறான் என்று பார்க்கலாம்.

முதலில் 2002-இல் வந்த "அட்டாக் ஆஃப் த க்ளோன்ஸ்". அம்மா ஷ்மி சாகும் காட்சி. அவளைப் பிடித்து வைத்திருந்த டஸ்கன் கூட்டத்தில் ஆண், பெண், குழந்தை என்று ஒருத்தரையும் மிச்சம் வைக்காமல் வெட்டிவிட்டு வருகிறான். அதைப் பத்மேயிடம் சொல்லி அழும்போதே, தான் எல்லாரையும்விடப் பலமான ஜெடாய் ஆகப்போவதாகவும், மனிதர்கள் சாவதையே நிறுத்தக் கற்றுக்கொள்ளப்போவதாகவும் சொல்கிறான். பிரசவக் கனவு வருவதற்கு மூன்று வருஷம் முந்தைய பேச்சு இது. பால்பட்டின் அப்போது அறையிலேயே இல்லை. ஆசை ஏற்கனவே தயார், பால்பட்டின் அதற்கு ஒரு பெயர் மட்டும்தான் கொடுத்தார்.

அதே படத்தில் நபூவின் புல்வெளிக் காட்சியைப் பலர் கேலி செய்துவிட்டுத் தாண்டிப் போகிறார்கள். அங்கே அரசியல் பேச்சு வருகிறது. அரசியல்வாதிகள் ஒத்துவரவில்லை என்றால் விவேகமுள்ள யாராவது அவர்களை ஒத்துவரச் செய்ய வேண்டும் என்கிறான். அது சர்வாதிகாரம் மாதிரி இருக்கிறதே என்கிறாள் பத்மே. வேலை நடந்தால் சரிதானே என்பதுபோல ஒரு பதில். அவள் விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கிறாள். வசனம் எழுதுவதில் லூகாஸ் மன்னர் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த இடம் பொருத்தமாக விழுந்திருக்கிறது.

இனி பால்பட்டின் அறைக் காட்சிக்கு வருவோம். மேஸ் விண்டுவின் கையை வெட்டி, அவர் சாகக் காரணமாகிவிட்ட மறுநிமிஷம், அனாகின் மண்டியிடுகிறான். பத்மேயின் உயிரைக் காப்பாற்ற உதவுங்கள், அவள் இல்லாமல் என்னால் வாழ முடியாது என்கிறான். அதற்குப் பால்பட்டின் சொல்லும் பதிலைக் கவனித்திருக்கிறீர்களா? சாவை ஏமாற்றும் சக்தி ஒரே ஒருவருக்குத்தான் வாய்த்தது, நாம் இருவரும் சேர்ந்து தேடினால் அந்த ரகசியத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்கிறார். அதாவது, கையில் சரக்கு இல்லை! நாடக அரங்கில் கதை சொன்னபோது, அந்த வித்தையை குரு தன் சீடனுக்கு முழுசாகச் சொல்லிக் கொடுத்துவிட்டதாகச் சொன்ன அதே மனிதர். மனைவியைக் காப்பாற்றுவது மட்டுமே நோக்கமாக வந்தவன் இந்த இடத்தில் எழுந்து நின்று, "அப்படியானால் உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டிருப்பான். இவன் கேட்கவில்லை. அங்கேயே விசுவாசம் சொல்லி, புதுப் பெயர் வாங்கிக்கொண்டு, ஜெடாய் கோவிலுக்குக் குழந்தைகளைக் கொல்லப் போகிறான்.

"அவள் இல்லாமல் என்னால் வாழ முடியாது" என்பதில் எழுவாய் யார் என்றும் பாருங்கள். அவளுக்கு என்ன ஆகும் என்பது பேச்சில் இல்லை, இவனுக்கு என்ன ஆகும் என்பதே பேச்சு.

எனக்கு இந்தத் தொடரில் மிகவும் தெளிவான சாட்சி முஸ்தஃபார்தான். பத்மே தேடி வருகிறாள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்காவது போய்க் குழந்தையை வளர்ப்போம் என்கிறாள். காதலுக்காக மாறியவனாக இருந்தால் இதுதான் அவன் கேட்டது. அவனோ, இனி ஓடத் தேவையில்லை, பால்பட்டினைவிட நான் பலசாலி, அவரைக் கவிழ்த்துவிட்டு நாம் இருவரும் விண்மீன் மண்டலத்தை ஆளலாம் என்கிறான். அவள் பின்வாங்குகிறாள். ஓபி-வான் கப்பலிலிருந்து இறங்குவதைப் பார்த்ததும், தன்னைக் காட்டிக் கொடுத்துவிட்டாள் என்று முடிவு செய்து, தொடாமலே அவள் கழுத்தை நெரிக்கிறான். யாரைக் காப்பாற்ற இத்தனை பேரைக் கொன்றானோ, அவளை. சொன்ன பேச்சைக் கேட்காத முதல் நிமிஷத்தில்.

"சேர்ந்து ஆளலாம் வா" என்ற அந்த அழைப்பு இந்தக் குடும்பத்தில் மூன்று முறை வருகிறது. 1980-இல் வேடர், மகன் லூக்கின் கையை வெட்டியபின் அவனிடம் சொல்கிறான். 2005-இல் அனாகின் பத்மேயிடம். 2017-இல் வந்த "த லாஸ்ட் ஜெடாய்" படத்தில் பேரன் கைலோ ரென், ரேயிடம் கை நீட்டுகிறான். அந்த மூன்றாவதில் ஒரு கூடுதல் விஷம் உண்டு: உன் பெற்றோர் யாருமில்லாதவர்கள், இந்தக் கதையில் உனக்கு இடமே கிடையாது, நீ ஒன்றுமில்லை, ஆனால் எனக்கு அப்படி இல்லை என்கிறான். முதலில் ஆளை வெறுமையாக்கிவிட்டு, பிறகு தன்னை அந்த வெறுமைக்கு மருந்தாகக் கொடுப்பது. கைலோ-ரே ஜோடியை ஆராதிக்கும் ரசிகர்களோடு நான் மோதுவது இங்கேதான். அந்தக் காட்சியில் அவன் கண்ணில் கெஞ்சல் இருக்கிறது, ஆடம் டிரைவர் அற்புதமாக நடித்திருக்கிறார், எல்லாம் சரி. ஆனால் மூன்று அழைப்பிலும் எதிரில் இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. மூன்று முறையும் பதில் "முடியாது" என்பதே. லூக் பள்ளத்தில் குதிக்கிறான், பத்மே அழுகிறாள், ரே ஒளிவாளைப் பிடுங்கப் பார்க்கிறாள்.

"காதலுக்காகத்தான் பண்ணினான்" என்ற வாக்கியத்தை நாம் சினிமாவுக்கு வெளியேயும் நிறையக் கேட்கிறோம், செய்தித்தாளின் மூன்றாம் பக்கத்தில். அதனால் இதை வெறும் விண்கப்பல் கதை என்று என்னால் விட்டுவிட முடியவில்லை.

ஜெடாய் மேல் பழி போடுபவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. அடிமையாக இருந்த ஒன்பது வயதுப் பையனை அழைத்து வந்தார்கள், அவன் அம்மாவை அடிமையாகவே விட்டு வந்தார்கள். பத்து வருஷத்தில் ஒருவரும் போய் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு அவையில் இடம் கொடுத்துவிட்டு "மாஸ்டர்" பட்டம் கிடையாது என்றார்கள், கூடவே பால்பட்டினை வேவு பார்க்கச் சொன்னார்கள். கனவுக்குப் பயந்து யோடாவிடம் போனால், இழக்கப் பயப்படுவதையெல்லாம் விட்டுவிடப் பழகு என்கிறார். தத்துவமாக அது சரியாகவே இருக்கட்டும். உறக்கமில்லாமல் வந்து நிற்கும் ஒருவனுக்கு அது ஆறுதலா? ஒரு கேள்விகூடக் கேட்டிருக்கலாம். ஆனால் ரகசியத் திருமணத்தை மறைத்தவன் அனாகின். யாரைப் பற்றிக் கனவு வந்தது என்று பெயரைச் சொல்லாமல் பேசியவனும் அவன்தான். ஜெடாய்கள் மோசமான பெரியவர்கள் என்பது நிரூபணமாகிறது. அதற்கும் கோவிலில் இருந்த குழந்தைகளுக்கும் என்ன சம்பந்தம்?

வேடரை மீட்டு எடுக்கும் 1983 படம் இந்த விஷயத்தில் பின்னால் வந்த படங்களைவிடக் கூர்மை. லூக் ஜெயித்த நிமிஷத்தில் அப்பாவின் வெட்டுண்ட இயந்திரக் கையைப் பார்க்கிறான், தன் இயந்திரக் கையைப் பார்க்கிறான், ஒளிவாளைத் தூக்கி எறிகிறான். பேரம் எதுவும் இல்லை. பேரரசனைத் தூக்கிப் போட்ட பிறகு வேடரும் யாருக்கும் எதையும் தருவதாகச் சொல்வதில்லை, முகமூடியைக் கழற்றச் சொல்கிறான். கழற்றினால் செத்துவிடுவாய் என்கிறான் மகன். பரவாயில்லை என்கிறான், சாவையே நிறுத்துவேன் என்று சபதம் போட்டவன்.

பத்மேயின் சாவைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் ரசிகர்கள் விடமாட்டார்கள். உடம்பில் ஒரு குறையும் இல்லை, வாழும் ஆசை போய்விட்டது என்று மருத்துவ இயந்திரம் சொல்கிறது. வயிற்றில் இரட்டைக் குழந்தைகள் இருக்கும்போது! போதாக்குறைக்கு 1983 படத்தில் லேயா, தன் நிஜ அம்மாவை லேசாக நினைவிருக்கிறது, அன்பானவள், ஆனால் சோகமானவள் என்று லூக்கிடம் சொல்லியிருக்கிறாள். இதற்கு ரசிகர்கள் கண்டுபிடித்திருக்கும் சமாதானங்கள் தனிப் புத்தகமாகும். லேயா சொன்னது வளர்ப்புத் தாயை என்பார்கள், ஃபோர்ஸ் தந்த நினைவு என்பார்கள். பத்மே சாவதும் வேடருக்குக் கவசம் பூட்டுவதும் மாறி மாறிக் காட்டப்படுவதால், அவள் உயிரை உறிஞ்சி இவனுக்கு ஊட்டியவர் பால்பட்டின்தான் என்பது மிகப் பிரபலமான வாதம். படத்தில் அதற்கு நேரடி ஆதாரம் கிடையாது. ஆனாலும் எனக்கு அந்த வாதத்தின் மேல் ஒரு மரியாதை. பதினான்கு வயதில் ஒரு கிரகத்தையே ஆண்டு, படையெடுப்பை எதிர்த்து நின்றவள், புருஷன் கெட்டுப் போனான் என்று மூச்சை விடுவாளா என்ற கோபம்தான் அந்த வாதம்.

அந்தக் கோபத்துக்கு விடை தொகுப்பு மேஜையில் இருக்கிறது. மான் மோத்மா, பெயில் ஆர்கனா முதலியவர்களோடு சேர்ந்து பால்பட்டினுக்கு எதிராகப் பத்மே ஆள் திரட்டும் காட்சிகள் படமாக்கப்பட்டவை. பிற்காலக் கிளர்ச்சிப் படையின் விதை அவள் வீட்டு வரவேற்பறையில் விழுகிறது. எல்லாவற்றையும் வெட்டிவிட்டார்கள். மிஞ்சியது, நாம் தவறான பக்கம் நிற்கிறோமோ என்று அவள் கணவனிடம் ஒருமுறை கேட்பதும், நீ பிரிவினைவாதி மாதிரிப் பேசுகிறாய் என்று அவன் எரிந்து விழுவதும். அவனுடைய காரணத்தை ஒன்றாகச் சுருக்கியபோது, அவளுடைய காரணங்கள் மொத்தமும் போய்விட்டன. வெட்டிய காட்சிகள் 2005 டிவிடியிலேயே இருக்கின்றன. அடுத்த தடவை படம் போடும்போது முதலில் அவற்றைப் பார்த்துவிட்டு, பிறகு அந்த மருத்துவ இயந்திரம் பேசுவதைக் கேளுங்கள்.